ஏற்றத்தில் பேச முடிகிறது: ஷிமானோ டியோரே எம்6100, ஒன்றரை வருட ஓட்டத்துக்குப் பிறகு

நாங்கள் நான்கு பேர். சனிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ, யாருக்கு என்ன வேலை இருந்தாலும், வெளிச்சம் வரும் நேரத்தில் அடிவாரத்தில் கூடிவிடுவோம். 5 கிலோமீட்டர் ஏற்றம், மொத்தம் 400 மீட்டர் உயரம். பாதி தூரம் அகலமான மண் பாதை, மீதி ஒற்றையடிப் பாதை, கடைசி 600 மீட்டரில் சரிவு 15 சதவீதம் வரை போகும். வருடக்கணக்காக ஒரே மலை, ஒரே வழி. அதனால் வண்டியில் ஒரு சின்ன மாற்றம் செய்தாலும் இந்த ஏற்றம் எனக்குக் காட்டிக் கொடுத்துவிடும். பழைய கியர்களைக் கழற்றிவிட்டு, ஷிமானோ நிறுவனத்தின் டியோரே எம்6100 என்ற 12 கியர் செட்டை மாட்டியபோது அது காட்டிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாற்றுவதற்கு முன் என் மவுண்டன் பைக்கில் இருந்தது 10 ஸ்பீடு, அதாவது பின்னால் பத்து கியர். முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரம், அதாவது செயின்ரிங், 32 பல்லில் ஒன்றே ஒன்று. பின்னால் 11 முதல் 42 பல் வரை உள்ள கேசட், அதாவது பல்சக்கரங்களின் அடுக்கு. பின்னால் பல் கூடக் கூட மிதி இலேசாகும். சமதளத்திலும் இலேசான மேட்டிலும் அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கடைசி 600 மீட்டரில்தான் விஷயம் தெரியும். மிக இலேசான 42 பல் சக்கரத்தில் போட்டு, எழுந்து நின்று மிதித்து, பின் டயர் வழுக்கி, மறுபடி உட்கார்ந்து, தொடை எரிய எரிய ஒரு வளைவு வரை போவேன். அந்த வளைவில் மணிக்கட்டு அளவுக்குத் தடித்த ஒரு வேர் பாதையின் குறுக்கே ஓடும். முன் சக்கரம் அதில் ஏறும், பின் சக்கரம் ஏறாது, கால் தரைக்கு வந்துவிடும். அதற்கு மேல் தள்ளல்தான். எங்களில் மூத்தவரும் என்னோடு தள்ளுவார், அவருக்கு முழங்கால் தொந்தரவு வேறு.

மற்ற இருவரும் பலசாலிகள். மேலே போய்க் காத்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இதில் என்ன பிரச்சினை, காத்திருக்கிறார்களே என்று தோன்றும். ஆனால் நாங்கள் போய்ச் சேரும்போது அவர்களுக்கு வியர்வை காய்ந்து குளிரெடுக்க ஆரம்பித்திருக்கும், கிளம்பத் தயாராக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருப்பார்கள். எங்களுக்கு அப்போதுதான் உட்கார வேண்டும்போல இருக்கும். அதாவது, அதிகம் களைத்தவர்களுக்குத்தான் ஓய்வு குறைவு. குழுவாகப் போகும் எல்லா இடத்திலும் இது நடக்கிறது, யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. இப்படியே போனால் மெதுவாகப் போகிறவர் ஒரு வாரம் வரமாட்டார், அடுத்த வாரமும் வரமாட்டார், பிறகு வருவதையே விட்டுவிடுவார். அது எனக்கு நடந்துவிடக் கூடாது என்று நினைத்துத்தான் கியரை மாற்றினேன்.

வாங்கியது ஷிமானோ டியோரே எம்6100: கேசட், செயின், கையால் கியர் மாற்றும் ஷிஃப்டர், செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பின்பக்க டீரெய்லர் நான்கும். பெடல் மாட்டியிருக்கும் க்ராங்க் பழையதே, அதில் 12 ஸ்பீடு செயினுக்குப் பொருந்தும் 32 பல் செயின்ரிங் மட்டும் புதிது. ஷிமானோ தன் 12 ஸ்பீடை 2018-இல் மேல்வரிசையான எக்ஸ்டிஆர் எம்9100-இல் தொடங்கியது, அடுத்த வருடம் எக்ஸ்டியும் எஸ்எல்எக்ஸும் வந்தன, 2020-இல் டியோரே. மேல்வரிசைக்கு வந்த விஷயம் இரண்டே வருடத்தில் நம்மைப் போன்றவர்கள் கைக்கு வந்துவிட்டது. கேசட்டின் பற்கள் இப்படிப் போகும்: 10, 12, 14, 16, 18, 21, 24, 28, 33, 39, 45, 51. நான்கு வரிசையிலும் 12 ஸ்பீடு பாகங்களை ஒன்றோடு ஒன்று கலந்து போட்டுக்கொள்ளலாம், அது பிற்பாடு எதையாவது மாற்றும்போது உதவும்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில், கேசட் உட்காரும் உருளைக்கு ஃப்ரீஹப் என்று பெயர். 10 பல் சக்கரம் பழைய மாதிரி ஃப்ரீஹப்பில் உட்காராது, அதற்கு மைக்ரோ ஸ்ப்லைன் என்ற வேறு ஃப்ரீஹப் வேண்டும். சில ஹப்களில் அந்த ஃப்ரீஹப்பை மட்டும் கழற்றி மாற்றலாம். என்னுடையதில் முடியவில்லை, பின் சக்கரத்துக்குப் புது ஹப் போட்டு ஸ்போக் கட்ட வேண்டியதாயிற்று. கேசட்டை ஆர்டர் செய்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் மனது கஷ்டப்படும். முதலில் உங்கள் ஹப்பைப் பாருங்கள், பிறகு மற்றதெல்லாம்.

சரி, 51 பல் என்ன செய்கிறது? கணக்காகப் பார்த்தால்தான் புரியும். 32-ஐ 42-ஆல் வகுத்தால் 0.76. 32-ஐ 51-ஆல் வகுத்தால் 0.63. 29 அங்குலச் சக்கரம் ஒரு முறை உருண்டால் ஏறக்குறைய 2.3 மீட்டர் போகும். அதனால் பழைய கியரில் பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் வண்டி 1.75 மீட்டர் நகரும், புதியதில் 1.44 மீட்டர். வித்தியாசம் ஒரு அடி ஸ்கேல் நீளம். இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். ஆனால் நிமிடத்துக்கு 60 சுற்று என்று வைத்தால், பழைய கியரில் மணிக்கு 6.3 கிலோமீட்டர் வேகம், இதில் 5.2. ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ, சரிவு 12 சதவீதம் என்று வைத்து, மண் பாதையின் இழுவையையும் சேர்த்தால், 6.3-க்குக் காலிலிருந்து 220 வாட் போல வர வேண்டும், 5.2-க்கு 180 வாட் போல வந்தால் போதும். 180 வாட்டில் என்னால் நாற்பது நிமிடம் நிதானமாக மிதிக்க முடியும். 220-இல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தீர்ந்துவிடுவேன். அந்த 40 வாட்தான் தள்ளுவதற்கும் ஓட்டுவதற்கும் நடுவில் இருந்த சுவர்.

பழைய கியரிலேயே மெதுவாகப் போகலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். போகலாம். ஆனால் அந்த கியரில் 5.2 கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 49 சுற்றுதான் வரும், ஒவ்வொரு மிதிக்கும் ஐந்தில் ஒரு பங்கு அழுத்தம் கூடும், கூடுகிற அழுத்தமெல்லாம் நேரே முழங்காலில் போய் உட்காரும். அதோடு மெதுவாகச் சுற்றும்போது பெடல் மேல்முனையிலும் கீழ்முனையிலும் வண்டி ஒரு கணம் நின்றுவிடும்போல ஆகும், கல்லோ வேரோ அந்தக் கணத்தில் குறுக்கே வந்தால் முடிந்தது.

முதல் ஏற்றத்தை இப்போதும் அப்படியே சொல்ல முடியும். மண் பாதை முழுக்க 33-இலும் 39-இலும் போனேன், 51-ஐத் தொடவில்லை, அதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். ஒற்றையடிப் பாதை ஆரம்பித்ததும் 45. வளைவுக்குப் பத்து மீட்டர் முன்னால் கட்டைவிரலால் இன்னொரு முறை தள்ளினேன், செயின் பெரிய சக்கரத்தில் ஏறும் அந்த அடங்கிய சத்தம் கேட்டது, கால் சட்டென்று இலேசாயிற்று. சீட்டின் நுனிக்கு நகர்ந்து, முழங்கையை இறக்கி, நெஞ்சை ஹேண்டில்பாருக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். முன் சக்கரம் வேரில் ஏறியது. வழக்கமாக இந்த இடத்தில்தான் எனக்குக் கால் தீரும். இந்த முறை இன்னும் அரைச் சுற்று மிதிக்கக் காலில் மிச்சம் இருந்தது. பின் சக்கரம் வேரைத் தொட்டது, ஒரு நொடி தயங்கியது, ஏறிவிட்டது. பின்னால் வந்தவன் கத்தினான், "டேய், இறங்கலையா?"

"இல்லடா, இறங்கல. நீ பாதியில விட்ட அந்த வீட்டுக்காரர் கதையச் சொல்லிட்டே வா, நான் கேட்டுட்டே போறேன்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அந்த வளைவில் முழு வாக்கியமாக நான் பேசியது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் அங்கே என் வாயிலிருந்து வந்ததெல்லாம் ஒற்றை வார்த்தைகள், அதுவும் பாதிதான் வெளியே வரும்.

இந்த கேசட்டை நான் அளக்கும் அளவுகோல் அன்றிலிருந்து அதுதான். மூச்சு திணறாமல் முழு வாக்கியம் பேச முடிகிறதென்றால் நீண்ட நேரம் தாங்கும் அளவுக்குள் உடம்பு இருக்கிறது என்று பொருள், பயிற்சி கொடுப்பவர்கள் பல காலமாகப் பயன்படுத்தும் எளிய சோதனை அது. எனக்கு அது உடற்பயிற்சிக் கணக்கு மட்டுமல்ல. வாரம் முழுக்கப் பார்க்காத நண்பனோடு ஒரு மணி நேரம் மலையில் இருக்கிறோம், அதில் ஏறுகிற நேரம் முக்கால் பங்கு. இறக்கத்தில் யாரும் பேச முடியாது, அவரவர் பாதையை அவரவர் பார்க்க வேண்டும். பேச்சு நடக்க வேண்டுமென்றால் அது ஏற்றத்தில்தான் நடக்க வேண்டும். பல வருடம் அந்த நேரத்தை மூச்சு வாங்கியே கழித்திருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து மூத்தவரிடம் வண்டியைக் கொடுத்தேன், அவர் வண்டியை நான் வாங்கிக்கொண்டேன். "அண்ணே, வளைவுக்கு முன்னாடியே 51 போட்டுருங்க, வளைவுல போய்ப் போடாதீங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை, தலையை ஆட்டிவிட்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டே போனார். நான் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன், அவருடைய கேசட்டும் 42 வரைதான். மேலே போனபோது ஒரு பாறையில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வலிக்கிறதோ என்று பயந்துவிட்டேன். "முட்டி ஒண்ணுமே சொல்லலப்பா" என்றார். அதையே இரண்டு முறை சொன்னார்.

இனி பொருளைப் பற்றி. கியர் மாறும் விதம் அருமை. ஹைப்பர்கிளைடு பிளஸ் என்று ஷிமானோ சொல்லும் பல் அமைப்பு இதில் இருக்கிறது. பல்லையும் செயினையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செதுக்கியிருக்கிறார்கள், அதனால் பெரிய சக்கரத்துக்கு ஏறும்போதும் சரி, சின்னதுக்கு இறங்கும்போதும் சரி, மிதியை நிறுத்தாமலே மாறுகிறது. பழைய 10 ஸ்பீடில் மேட்டில் கியர் மாற்றுவதென்றால் மிதியைத் தளர்த்தி, செயின் ஏறும்வரை காத்திருந்து, பிறகு அழுத்த வேண்டும், அதற்குள் வேகம் போய்விடும். இதில் அரைச் சுற்றுக்கு அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும். முழு அழுத்தத்திலும் மாறும்தான், ஆனால் செயினும் பல்லும் நம்முடையது, கொஞ்சம் இரக்கம் காட்டினால் நமக்குத்தான் லாபம்.

நான் பெரிதாகப் பாராட்டுவது கடைசி கியர்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை. 39-இலிருந்து 45-க்கு 15 சதவீதம், 45-இலிருந்து 51-க்கு 13 சதவீதம். ஸ்ராம் என்ற இன்னொரு நிறுவனத்தின், 10-இலிருந்து 50 வரை போகும் ஈகிள் கேசட்டில் கடைசித் தாவல் 42-இலிருந்து 50, அதாவது 19 சதவீதம். 52 பல் வரை போகும் அவர்களுடைய கேசட்டில் 42-இலிருந்து 52, ஏறக்குறைய 24 சதவீதம். அதை விரும்புகிறவர்களும் உண்டு, கடைசி கியரை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வார்கள். ஆனால் நண்பர்களோடு ஒரே வேகத்தில் போக வேண்டுமென்றால் எனக்குச் சின்னப் படிகள்தான் வேண்டும். பக்கத்தில் போகிறவன் கொஞ்சம் மெதுவானால் நானும் ஒரு கியர் மாற்றி, சுற்றும் வேகம் மாறாமல் அவனோடு போகலாம். படி பெரிதாக இருந்தால் ஒன்று அவனை விட்டு முன்னால் போவேன், அல்லது கால் காற்றில் சுற்றுவதுபோல ஆகும்.

இப்போது ஒரு வருத்தம். வண்டியை நான் ஒரு பணிமனையில் கொடுத்துத்தான் பொருத்தினேன், பெயர் வேண்டாம். முதல் மூன்று வாரம் 51-இல் மட்டும் கரகரவென்று சத்தம், 45-இலிருந்து ஏறும்போது சில சமயம் தயக்கம். திரும்பக் கொண்டுபோனால் "புதுசுல கேபிள் இழுக்கும் சார், ஓட்ட ஓட்டச் சரியாயிடும்" என்றார்கள். இரண்டாம் முறையும் அதே பதில். புது கேபிள் கொஞ்சம் தளர்வது உண்மைதான், ஆனால் அது எல்லா கியரையும் பாதிக்கும், ஒரே ஒரு கியரை அல்ல. பிறகு நானே உட்கார்ந்து பார்த்தேன். டீரெய்லரின் மேல் சின்னச் சக்கரத்துக்கும் 51 பல் சக்கரத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்க வேண்டும் என்பதை பி ஸ்க்ரூ என்ற ஒரு திருகுதான் தீர்மானிக்கிறது. ஷிமானோ அதற்கு டீரெய்லரின் பின்பக்க உள்தகட்டிலேயே ஒரு கோடு போட்டிருக்கிறது. செயினை 51-இல் வைத்து, வண்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் பெரிய சக்கரத்தின் பல்நுனி அந்தக் கோட்டோடு ஒட்டி நிற்க வேண்டும். என்னுடையதில் பல்நுனி கோட்டுக்கு மேலே ஏறி நின்றது. ஆலன் கீயால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, பெடலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கோட்டுக்குக் கொண்டுவர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சத்தம் போய்விட்டது. மூன்று வாரம் ஒரு நல்ல பொருளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், காரணம் பொருத்தியவர்கள் அந்தக் கோட்டைப் பார்க்காதது. நீங்கள் யாரிடம் கொடுத்தாலும் வாங்கும்போது அங்கேயே குனிந்து அதைப் பாருங்கள்.

இன்னொன்று ஹேங்கர். டீரெய்லர் மாட்டியிருக்கும் அந்தச் சின்ன உலோகத் துண்டு. பன்னிரண்டு சக்கரங்கள் நெருக்கமாக இருப்பதால், அது இம்மி வளைந்தாலும் கியர் எங்கெங்கோ போகும். ஒருநாள் ஓய்வெடுக்கும்போது என் வண்டி வலதுபக்கமாகச் சரிந்து விழுந்தது, பெரிய அடியே இல்லை. அன்று இறங்கும்போது மூன்று கியர் ஒழுங்காக விழவில்லை. ஹேங்கரை நேராக்கிய பிறகுதான் சரியானது. அன்றிலிருந்து நாங்கள் நால்வரும் வண்டியை இடதுபக்கமாகத்தான் படுக்க வைக்கிறோம்.

51 எல்லா மேட்டுக்கும் மருந்து என்று நினைத்து வாங்காதீர்கள். உதிரிக் கல் நிறைந்த செங்குத்தான இடத்தில் பல நேரம் 45-தான் சரி. கியர் இலேசானால் அதே மிதிக்குப் பின் சக்கரத்தில் முறுக்கு விசை அதிகமாகப் போகும், ஒவ்வொரு மிதியின் அழுத்தமும் அங்கே இரட்டிப்பாகத் தெரியும், டயர் கல்லை வாரி எறிந்துவிட்டு நின்ற இடத்திலேயே சுற்றும். ஒரு கியர் குறைத்து, கொஞ்சம் கனமாக, வட்டமாக மிதித்தால் பிடிப்பு கிடைக்கும். இன்னொரு சங்கடம் சமநிலை. 51-இல் நிமிடத்துக்கு 50 சுற்றுக்கு இறங்கினால் வேகம் மணிக்கு 4.3 கிலோமீட்டர், அது வேகமாக நடக்கிறவரைவிடக் குறைவு. அந்த வேகத்தில் நேராகப் போவதே ஒரு வித்தை, முன் சக்கரம் இடமும் வலமும் அலையும். நான் முதல் இரண்டு மாதம் சமதளத்தில் 51 போட்டு, ஒரு கோட்டின் மேல் மெதுவாக ஓட்டிப் பழகினேன். அந்தப் பழக்கத்துக்குப் பிறகுதான் இந்த கியரை முழுதாகப் பயன்படுத்த முடிந்தது. டயரில் காற்றையும் குறைத்தேன், கல்லில் அழுந்திப் பிடிக்கும் அளவுக்கு, ரிம் இடிக்காத அளவுக்கு.

பின்னோக்கி மிதிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். கல் பாதையில் பெடல் எதிலாவது முட்டப் போகிறதென்றால் அரைச் சுற்று பின்னால் சுற்றி, மறுபடி முன்னால் மிதிப்போம் அல்லவா, 51-இல் அதை ஒரு சுற்றுக்கு மேல் செய்தால் செயின் 45-க்கு நழுவி இறங்கப் பார்க்கும். முன்னால் ஒரே செயின்ரிங் உள்ள அமைப்பில் பெரிய சக்கரம் உள்பக்கக் கோடியில் இருக்கிறது, செயின் அங்கே சாய்ந்துதான் ஓடுகிறது, யார் செய்த 12 ஸ்பீடிலும் இந்தச் சாய்வு உண்டு. கால் சுற்று, அரைச் சுற்றோடு நிறுத்திக்கொண்டால் தொல்லை இல்லை.

டீரெய்லரில் கிளட்ச் இருக்கிறது, இறக்கத்தில் செயின் தடதடவென்று அடிப்பதை அது நிறுத்துகிறது. சின்ன நெம்புகோல் ஒன்றால் அதைப் போடலாம், எடுக்கலாம். பின் சக்கரத்தைக் கழற்றும்போது எடுத்துவிடுங்கள், வேலை பாதியாகக் குறையும். மாட்டிய பிறகு போட மறக்காதீர்கள், பங்சர் ஒட்டிய அவசரத்தில் நான் ஒருமுறை மறந்துவிட்டு, இறக்கம் முழுக்க வண்டியில் ஏதோ உடைந்துவிட்டது என்ற பயத்தோடு வந்தேன்.

எடையைப் பார்த்தால் டியோரே கேசட் 593 கிராம், முழுக்க இரும்பு. எக்ஸ்டி 470 கிராம். அந்த 120 கிராமுக்காக மேல் வரிசைக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்டால், வேண்டாம் என்பேன். எக்ஸ்டியில் பெரிய சக்கரங்கள் அலுமினியம், 51-இல் அதிகநேரம் ஓட்டுகிற நமக்கு அந்தச் சக்கரம்தான் முதலில் தேயும். இரும்பு கனம்தான், ஆனால் தாங்கும். ஒன்றரை வருடத்தில் செயினை ஒருமுறை மாற்றியிருக்கிறேன், செயின் தேய்ந்து நீண்டிருப்பதை அளக்கும் கருவி 0.5 சதவீதம் காட்டியவுடனே மாற்றினேன், கேசட்டில் புதுச் செயின் ஒரு இடத்திலும் தாவவில்லை. செயினை அளக்காமல் ஓட்டினால் கேசட்டையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும். மண்ணில் ஓட்டிவிட்டு வந்ததும் துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே மிஞ்சியதைத் துடைத்துவிடுகிறேன். பத்து நிமிட வேலை.

இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு எப்போதும் ஞாபகம் வருவது கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் இருக்கும் ரீபேக் என்ற மலைப்பாதை. 1976 அக்டோபர் 21-இல் அங்கே முதல் இறக்கப் பந்தயம் நடந்தது. பழைய பருமனான டயர் சைக்கிள்கள், பெரும்பாலும் ஒரே கியர், பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். இறங்கி முடிப்பதற்குள் ஹப்பில் இருக்கும் கிரீஸ் வெந்து புகையும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும், அதனால்தான் அந்தப் பெயர். அந்தக் கனத்த வண்டிகளை மேலே தள்ளிக்கொண்டோ, டிரக்கில் ஏற்றிக்கொண்டோதான் போவார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த கேரி ஃபிஷர் தன் வண்டியில் டீரெய்லர் கியர்களை மாட்டியபோது மலைக்கு மிதித்தே போக வழி பிறந்தது. தள்ளிக்கொண்டு போனவன் என்ற முறையில், அந்த மனிதர்கள் முதன்முதலாக மிதித்தே மேலே போன நாளில் என்ன உணர்ந்திருப்பார்கள் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது.

யார் வாங்கலாம்? உங்கள் ஏற்றத்தில் ஒரு இடத்திலும் இறங்கித் தள்ளவில்லை என்றால் எதையும் மாற்றாதீர்கள். ஒரே ஒரு சின்ன இடத்தில் மட்டும் திணறுகிறீர்கள் என்றால் முதலில் முன்னால் இருக்கும் செயின்ரிங்கை மாற்றிப் பாருங்கள். 32-க்குப் பதில் 28 போட்டால் பழைய 42 பல் கேசட்டிலேயே 0.67 வந்துவிடும், 0.63-க்கு அவ்வளவு தூரம் இல்லை, மிகக் குறைந்த செலவு. உங்கள் க்ராங்க்கில் அவ்வளவு சின்னது பொருந்துமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வேகக் கியர் கொஞ்சம் குறையும், அடிவாரம் வரை சாலையில் நீண்ட தூரம் ஓட்டி வருகிறவர்களுக்கு அது உறுத்தலாம். என் வண்டியில் 32-க்கு 10 என்ற கியரில் 90 சுற்று சுற்றினால் மணிக்கு 40 கிலோமீட்டர் போல வருகிறது, அதற்கு மேல் எனக்குத் தேவையும் இல்லை.

பழைய ஃப்ரீஹப்பை மாற்ற மனமில்லை, ஆனால் 51 பல் வேண்டும் என்பவர்களுக்கு டியோரேயிலேயே எம்5100 இருக்கிறது. 11 ஸ்பீடு, 11 முதல் 51 பல் வரை, சாதாரண ஃப்ரீஹப்பிலேயே உட்காரும். ஹப் மாற்றும் செலவும் அலைச்சலும் மிச்சம். என் ஹப் விவகாரம் முன்பே தெரிந்திருந்தால் நான் ஒருவேளை அதைத்தான் எடுத்திருப்பேன். ஏறுவதைப் பொறுத்தவரை இரண்டுக்கும் கடைசி கியர் ஒன்றே, கடைசி ஐந்து சக்கரங்களும் 28, 33, 39, 45, 51 என்று அப்படியே ஒன்று. எம்6100-இல் கூடுதலாக இருப்பது 10 பல் சக்கரமும் ஹைப்பர்கிளைடு பிளஸ் மாற்றமும். மேட்டில் மிதித்துக்கொண்டே கியர் மாற்றும் சுகத்துக்கு நான் அந்தப் பக்கம் சாய்கிறேன்.

மூத்தவருக்கு அந்த எம்5100 செட் வந்து சேர்ந்துவிட்டது. அவர் ஹப் பழைய மாதிரி, எதையும் பிரிக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை மாலை என் வீட்டில் நாங்கள் நால்வரும் சேர்ந்து பொருத்துகிறோம், அந்தக் கோட்டைக் குனிந்து பார்க்கிற வேலையை அவரே செய்வதாகச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை காலை வழக்கமான நேரம், வழக்கமான இடம்.